மூணு சென்ட் முள்ளு

இங்க யாரும் வாராங்களாம்மா? இல்லையா? அப்ப உக்காந்துக்கிடுதேன். காலையில ஏழு மணியில இருந்து நின்னுட்டே இருக்கேன். உங்களுக்கு யாருக்கு? மாமியாருக்கா? புரையா? அது ஒண்ணும் இல்லம்மா, பயப்படாதீங்க. புரைன்னா கொஞ்ச நேர வேலைதான். மறுநாள் கட்டப் பிரிச்சதும் ‘ஏ, நீ இவ்வளவு கறுப்பா’ன்னு உங்களயே கேப்பாங்க. இந்த ஹால்ல எத்தனை பேரப் பாத்துட்டேன்.

எனக்கு இல்ல. என் தம்பிக்கு. அந்தா, மூணாம் நம்பர் ரூம் வாசல்ல நீலச்சட்டை போட்டு, கறுப்புக் கண்ணாடி. தலைய வலப்பக்கமாத் திருப்பியே வச்சிருக்கான் பாருங்க. அது முன்னால கிடையாது. இப்ப ஏழு மாசமாத்தான். வலது கண்ணு போனதுல இருந்து, இடது கண்ணால அந்தப் பக்கத்தையும் சேத்துப் பாக்கணும்லா.

பேச்சிமுத்துன்னு பேரு. நாப்பத்திமூணு வயசு. மினி பஸ் ஓட்டினான். எங்க பக்கம் பூரா அவன் வண்டின்னா பொம்பளைங்க காத்து நின்னு ஏறுவாங்க. குலுங்காம கொண்டு போவான். பிள்ளத்தாய்ச்சி ஏறினா மெதுவாப் போவான். அப்படி ஒரு டிரைவர்.

என்னாச்சுன்னு கேக்கீங்களா? முள்ளும்மா. மனையச் சுத்தம் பண்ணும்போது ஒரு கொப்பு தெறிச்சுக் கண்ணுல அடிச்சிட்டு. அம்புட்டுதான். யாரு என்ன செய்ய முடியும்? முள்ளுக்குத் தெரியுமா இது கண்ணு, இது காலுன்னு?

என் மனைதான். அவன் மனை இல்ல. எங்க ஊருக்குக் கிழக்க, செம்மணல் தேரிக்குப் போற வழியில, பதினேழு வருசத்துக்கு முந்தி இலவச மனைப்பட்டா குடுத்தாங்க. ஆளுக்கு மூணு சென்ட். அப்ப எங்க வீட்டுக்காரர் தவறி ஒரு வருசம் ஆகல. நானும் என் மக மாரிக்கனியும் தம்பி கூடத்தான் இருந்தோம், ஒரே ரேஷன் கார்டு. கார்டுக்கு ஒரு மனைதான்னுட்டாங்க. லிஸ்ட்ல இருந்தது அவன் பேரு. அதிகாரி பேரு வாசிச்சதும் இவன் போய் நின்னான். நின்னு, ‘சார், எங்க அக்கா பேருல போடுங்க, அவங்களுக்குத்தான் ஒண்ணும் இல்ல’ன்னான். எனக்குத் தெரியவே தெரியாது. பட்டா கையில வந்த பொறவுதான் தெரியும். அப்படி ஒரு குணம் அவனுக்கு. நானும் வேண்டாம்னு சொல்லிருக்கலாம். சொல்லல. அவன் ஆம்பள, எப்படியும் பொழச்சுக்கிடுவான்னு நெனச்சேன்.

அந்த மனையில நான் ஒரு செங்கல்லு கூட வைக்கலம்மா. அங்க தண்ணி கிடையாது, கரண்டு கிடையாது, ரோடு கிடையாது. வைக்கலாம் வைக்கலாம்னு பதினேழு வருசம் போயிட்டு. சுத்தி எல்லாரும் வீடு கட்டி, குழாய் வந்து, தெருவிளக்கு வந்து, என் மனை மட்டும் சீமைக்கருவேலக் காடு. ஆள் உயரத்துக்கு மேல, உள்ள என்ன இருக்குன்னே தெரியாது. அக்கம்பக்கத்துல குப்பையக் கொட்டிருவாங்க. அணில் வால் அளவுக்கு நீண்ட முள்ளுன்னு சொன்னா நம்ப மாட்டீங்க. விரலளவுன்னு வச்சுக்கிடுங்க.

போன ஆவணியில வி.ஏ.ஓ. கூப்பிட்டு விட்டாரு. ‘ஏம்மா, புதன்கிழமை தாசில்தார் பார்வையிட வாராரு. காடாக் கெடக்க மனையெல்லாம் ரத்து பண்ணி வேற ஆளுக்குக் குடுக்கப் போறாங்க. அதுக்குள்ள சுத்தம் பண்ணி நாலு மூலைக்கும் கல்லாவது நட்டு வையி’ன்னாரு.

எனக்கு உசுரே போயிட்டு. மாரிக்கனிக்குக் கல்யாணமாகி மூணு வருசம் ஆச்சு. மாமியார் வீட்டுல சரியில்ல. அவளுக்குன்னு இருக்கது இந்த மூணு சென்ட்டுதான். ஜே.சி.பி. விடலாம்னு பாத்தா சந்து குறுகிட்டு, வண்டி உள்ள நுழையாது. நேரா தம்பி வீட்டுக்குப் போனேன். அவன் அப்பதான் வண்டிய விட்டுட்டு வந்து சாப்பிட உக்காந்திருக்கான். ‘ஏன்க்கா அழுத? சனி, ஞாயிறு ஆள மாத்தி விட்டுட்டு வாரேன். ரெண்டே நாள்’னான். சோத்துல கைய வச்சிட்டே சொன்னான்.

சனிக்கிழமை விடிய நாலு பேரு போனோம். அவன், அவன் பொண்டாட்டி உலகம்மாள், மாரிக்கனி, நான். வெட்டருவா, மம்பட்டி, கடப்பாரை, ரெண்டு கவட்டைக்கம்பு. கவட்டைக்கம்பு தெரியுமா? நுனியில ரெண்டாப் பிரிஞ்சிருக்கும். முள்ள கையால தொட முடியாதுல்லா, அத வச்சுத்தான் அழுத்தவும் தள்ளவும் செய்யணும். அவன்தான் எல்லாத்துக்கும் சொல்லிக் குடுத்தான். ‘நான் தூர்ல வெட்டுவேன். வெட்டும்போது ஒருத்தர் கொப்ப கம்பால அழுத்திப் பிடிச்சுக்கிடணும். நான் விடுன்னு சொல்லுத வரைக்கும் விடக்கூடாது’ன்னான். வண்டி ஓட்டும்போது போடுத கண்ணாடி ஒண்ணு வச்சிருந்தான். அதையும் மாரிக்கனிகிட்ட குடுத்துட்டான், ‘நீ போட்டுக்க பிள்ள, உன் கண்ணு பெருங்கண்ணு’ன்னு.

அன்னைக்கு நல்லா இருந்ததும்மா. சொன்னா என்னமோ போல இருக்கும், ஆனா அந்தச் சனிக்கிழமை மாதிரி நாங்க நாலு பேரும் சிரிச்சுப் பல வருசம் ஆச்சு. உள்ள இருந்து என்னென்னமோ வந்துது. ஒத்தச் செருப்பு, ஓட்டைக் குடம், யார் வீட்டு மாவாட்டுத கல்லோ தெரியல. ஒரு கீரி ஓடிச்சு. உலகம்மாள் அலறின அலறல்ல தெருவே வந்துட்டு. மத்தியானம் புளிச்சோறும் துவையலும். பாதி வெட்டி முடிச்சதும் அவ நடுவுல போய் நின்னு கைய விரிச்சு, ‘மதினி, இது நம்ம மனைதானா? இவ்வளவு பெருசா இருக்கு’ன்னா. நம்ம மனைன்னுதான் சொன்னா. எனக்கு அது அப்ப லேசா சுருக்குன்னுது. இப்ப நெனச்சா வெக்கமா இருக்கு.

மறுநாள் ஞாயித்துக்கிழமை. பதினோரு மணி இருக்கும். மேற்கு ஓரம் வெட்டிட்டு இருக்கோம். பக்கத்து வீட்டுக்காரி சுவத்தோரம் வந்து நின்னுட்டு, ‘அங்க வெட்டாதீங்க, அந்த ஓரத்துல ஒரு அடி எங்களுக்கு வரும்’ங்கா. எனக்கு வந்துதே கோவம்! பதினேழு வருசமா குப்பையக் கொட்டுனவ அடி கேக்காளேன்னு. ‘எது உன் இடம்? அந்தா கல்லு தெரியுதுல்லா, அதான் எல்லை’ன்னு திரும்பிக் கைய நீட்டினேன்.

ஆமாம்மா. நான்தான்.

முள்ளு தெறிச்சிட்டுன்னு சொன்னேம்லா. தானாத் தெறிக்கல. கம்பப் பிடிச்சிட்டு இருந்தது நான்தான். கைய நீட்டுறதுக்குக் கம்ப விட்டுட்டேன். அவன் தூர்ல குனிஞ்சு வெட்டிட்டு இருந்தான். வளைச்சு வச்சிருந்த கொப்பு விசையா வந்து மூஞ்சியில அறைஞ்சிட்டு. ‘யக்கா’ன்னான். ஒரே ஒரு தடவ. உக்காந்துட்டான்.

அந்த ஒரு அடி எங்களுதுதான்னு பொறவு அளந்தப்பத் தெரிஞ்சிட்டு. அதச் சொல்லணும்லா.

ஓடிப் போய் தண்ணி ஊத்திக் கழுவினோம். முள்ளு ஒண்ணும் உள்ள நிக்கல. கண்ணு செவந்து தண்ணியா வடியுது. உலகம்மாள் ஒரே சொல்லாச் சொன்னா, ‘ஆஸ்பத்திரிக்குப் போவோம்’ன்னு. நான் சொன்னேன், ‘ஞாயித்துக்கிழமை எந்த டாக்டர் இருப்பாரு? சின்னக் கீறல்தான். நம்ம வீட்டுல யாருக்குப் படல?’ அவன் என்னயப் பாத்தான், கால்வாசி காடு இன்னும் நிக்கே அதையும் பாத்தான். ‘ஒண்ணுமில்ல, சரியாயிரும்’ன்னு துண்ட ஒரு கண்ணுக்குக் கட்டிக்கிட்டு மறுபடியும் அருவாள எடுத்துட்டான். நான் தடுக்கல. தடுத்திருக்கணும். மத்தியானம் பூரா ஒத்தக் கண்ணால வெட்டினான்.

சாயந்தரம் ஆமணக்கெண்ணெய் ரெண்டு சொட்டு விட்டேன். குளிர்ச்சின்னு. எங்க அம்மை எங்களுக்கு விடுவா. விட்டதும் இதமா இருக்குன்னான். இதமா இருக்குன்னு அவன்தானேம்மா சொன்னான்? நான் என்னத்தக் கண்டேன்?

திங்கக்கிழமை கண்ணு வீங்கிட்டு. வெளிச்சத்தப் பாக்க முடியல. வண்டிக்குப் போகல. ஆனா மனைக்கு வந்தான். வந்து நிழல்ல உக்காந்துக்கிட்டு எங்களுக்கு எங்க வெட்டணும், எப்படிப் பிடிக்கணும்னு சொல்லிட்டு இருந்தான். அன்னைக்கு ரெண்டு தடவ விட்டேன், எண்ணெய். உலகம்மாள் மறுபடியும் சொன்னா. ‘மதினி, கறுப்பு முழியில வெள்ளையா ஒரு புள்ளி தெரியுது’ன்னா. நான், ‘எண்ணெய் படிஞ்சிருக்கும். புதன்கிழமை ஒண்ணு முடியட்டும், நானே கூட்டிட்டுப் போறேன்’ன்னேன். அவ அதுக்கு மேல பேசல. புருசனோட அக்காகிட்ட எவ்வளவுதான் பேசுவா?

செவ்வாய்க்கிழமை அந்தப் புள்ளி மிளகளவு ஆயிட்டு. வலியில அவன் சுவத்துல தலைய முட்டுதான். நாப்பத்திமூணு வயசு ஆம்பள. உள்ளூர் டாக்டர் டார்ச்சு அடிச்சுப் பாத்ததும், ‘உடனே பெரிய கண்ணாஸ்பத்திரிக்குப் போங்க, நிக்காதீங்க’ன்னுட்டாரு. மறுநாள் முதல் பஸ்ல இங்க வந்தோம்.

புதன்கிழமை. ஆமா, தாசில்தார் வார புதன்கிழமைதான்.

உலகம்மாள்தான் வாரேன்னு நின்னா. நான் விடல. ‘உனக்கு டாக்டர்கிட்ட பேசத் தெரியாது, நான் போறேன்’னு ஏறிட்டேன். அவன் மேல உள்ள பாசத்துலதான் ஏறினேன். ஆனா பஸ்ல வரும்போதே மனசு என்ன நெனச்சுதுன்னா, இவ வந்தா எண்ணெய்யச் சொல்லிருவாளே. அதையும் நெனச்சேன். ரெண்டும் சேந்துதான் ஏறினேன்.

இதே மூணாம் நம்பர் ரூம்தான். ஒரு பொம்பள டாக்டர், சின்ன வயசு. கருவியில தாடைய வச்சுப் பாத்துட்டு, ‘எப்ப பட்டுது?’ன்னு கேட்டாங்க. அவன் வாயத் திறக்கதுக்குள்ள நான், ‘நேத்தும்மா’ன்னேன். ‘நேத்தா?’ன்னு மறுபடியும் கேட்டாங்க. ‘ஆமா, நேத்துதான்’. ‘எண்ணெய், தாய்ப்பால், பச்சிலை ஏதாவது விட்டீங்களா?’ ‘ஒண்ணும் விடலம்மா. தண்ணியால கழுவினதோட சரி.’

தம்பி பக்கத்துல உக்காந்திருக்கான். அந்தம்மா அவனப் பாத்து, ‘அப்படியா?’ன்னாங்க. ‘அக்கா சொல்லுததுதான்’னான்.

ஏன் அப்படிச் சொன்னேன்னு கேக்காதீங்கம்மா. ஏசுவாங்கன்னு பயம். நாலு நாள் வீட்டுல வச்சிருந்தீங்களான்னு அத்தனை பேர் முன்னால கேட்டுருவாங்களேன்னு பயம். இவ்வளவு பெரிய பொம்பள, ஏச்சுக்குப் பயந்து தம்பி கண்ணுல பொய் சொல்லிருக்கேன்.

அவனப் படுக்கையில சேத்துட்டாங்க. கண்ணுல பூஞ்சை புடிச்சிருக்குன்னாங்க. செடி, முள்ளு பட்டா வருமாம். மணிக்கொரு தடவ மருந்து விடணும். நான்தான் விட்டேன். மணி அடிச்ச மாதிரி விட்டேன். பதினெட்டு நாள் இந்த ஆஸ்பத்திரியில இருந்தேன், வீட்டுக்கே போகல. அதுக்குக் குறை சொல்ல முடியாது என்னய. பொறவும் அடங்கல. கருவிழிய எடுத்துட்டு, செத்துப்போன யாரோ புண்ணியவான் குடுத்த கருவிழிய வச்சுத் தைச்சாங்க. ‘கண்ணு உருண்டை தங்கிட்டு, அதுவே பெருசு. பார்வை அவ்வளவா இருக்காது’ன்னுட்டாங்க. ஆளு நிக்காங்கன்னு தெரியும். யாருன்னு தெரியாது.

மனையா? மனை தப்பிச்சிட்டும்மா. அதக் கேளுங்க. அந்தப் புதன்கிழமை நாங்க இங்க இருக்கோம். கடைசி ஓரம் இன்னும் அப்படியே நிக்கி. உலகம்மாள் விடிய எந்திரிச்சுப் போயிருக்கா. ஒத்தையில. மாரிக்கனி பொறவுதான் போனாளாம். போய்ப் பாத்தா, அத்தக்காரி கை ரெண்டும் ரத்தமா, வெட்டி முடிச்சுக் கல்லு நட்டுட்டு இருக்காளாம். தாசில்தார் வந்தப்ப அவதான் நின்னு பதில் சொன்னாளாம், ‘பட்டாக்காரங்க ஆஸ்பத்திரியில இருக்காங்க’ன்னு.

நான் ஊருக்குப் போனதும் கேட்டேன், ‘ஏன் உலகு, அவன் அப்படிக் கெடக்கும்போது நீ அங்க போய் வெட்டினியே?’ன்னு. ‘அவுக கண்ணு அதுலதான கெடக்கு. அந்த இடமும் போயிட்டா எதுக்குப் போச்சுன்னு சொல்லுவேன்?’ன்னா. அதோட என்கூட பேசுதத நிறுத்திட்டா. ஏசினா நல்லா இருக்கும். ஏச மாட்டா. சோறு போடுவா, தண்ணி குடுப்பா, மூஞ்சியப் பாக்க மாட்டா. இப்ப அவ வாழைத்தோட்டத்துக்குக் கூலிக்குப் போறா. இவன் ஒரு பலசரக்குக் கடையில சாமான் எடுத்துக் குடுக்கான். டம்ளர்ல தண்ணி ஊத்தும்போது வெளிய ஊத்திருதான். ஒத்தக் கண்ணுக்குத் தூரம் பிடிபடாதாம்.

வீடு ஜன்னல் உயரத்துக்கு வந்துட்டு. மாரிக்கனிக்குத்தான். பின்னால ஒரு சின்ன அறை போடச் சொல்லிருக்கேன், தம்பியும் உலகம்மாளும் வந்தா போனா தங்கிக்கிட. ஆட்டுக்கொட்டாய் போடலாம்னு வச்சிருந்த இடந்தான், அத மாத்திட்டேன். நம்மளால ஆனது அதுதான? என்னம்மா பாக்கீங்க? பட்டா என் பேருல இருக்கு, அத மாத்த முடியுமா என்னன்னு எனக்குத் தெரியாது. கேக்கல. கேட்டுப் பாக்கணும்.

சரி, அது கெடக்கட்டும். நான் சொல்ல வந்தது வேற.

ஆஸ்பத்திரியில இருந்து போகும்போது ஒரு சீட்டு குடுத்தாங்க, இங்கிலீஷ்ல. வீட்டுல வச்சு மாரிக்கனி வாசிச்சா. வாசிச்சிட்டு, ‘யம்மா, இதுல அடிபட்டு நாலாம் நாள் வந்ததாப் போட்டிருக்கு. நோயாளி தானாவே ஆமணக்கெண்ணெய் விட்டுக்கிட்டேன்னு சொன்னதாப் போட்டிருக்கு. மாமாவேவா விட்டுக்கிட்டாவ?’ன்னா.

எனக்குக் கையும் ஓடல காலும் ஓடல. எப்ப சொல்லிருப்பான்? நான் இட்லி வாங்க வெளிய போனேன், அப்பதான் இருக்கணும். உண்மையச் சொன்னாத்தான் சரியா வைத்தியம் பாப்பாங்கன்னு அவனுக்குத் தெரிஞ்சிருக்கு. சொல்லிருக்கான். ஆனா என் பேர எடுத்துட்டு அவன் பேரப் போட்டிருக்கான்.

மாரிக்கனிகிட்ட என்ன சொன்னேன் தெரியுமா? ‘ஆமாட்டி, அவன்தான் விட்டுக்கிட்டான்’னேன். வாயில அப்படித்தான் வந்துது.

ஏழு மாசமா அவனும் கேக்கல, நானும் சொல்லல. எனக்குத் தெரியும்னு அவனுக்குத் தெரியாது. ஒவ்வொரு தடவ செக்கப்புக்கு வரும்போதும் இன்னைக்கு அந்த டாக்டரம்மாகிட்ட அவன் முன்னாலயே சொல்லிரணும்னுதான் வாரேன். வந்து இந்த ஹால்ல உக்காருவேன். பக்கத்துல உங்கள மாதிரி யாராவது இருப்பாங்க. அவங்ககிட்ட எல்லாத்தையும் சொல்லிருவேன். சொல்லி முடிச்சதும் மனசு லேசாயிரும். லேசானதும் உள்ள போய் வாயத் திறக்க மாட்டேன். நீங்க ஆறாவது ஆளும்மா. ஆறு பேருக்குத் தெரியும் இந்தக் கத. ஆறு பேருக்கும் என் பேரு கூடத் தெரியாது.

ஐயோ, அவன் உள்ள போயிட்டான் போல. நீலச்சட்டையக் காணும். கூப்பிட்டது எனக்குக் கேக்கலயே. ஒத்தையில போயிட்டான் பாருங்க. இருங்க, இந்தப் பையக் கொஞ்சம்... இல்ல, அந்தா வெளிய வாரான். சிரிச்சிட்டு வாரான்.

என்னய்யா, என்ன சொன்னாங்க? இனிமே வர வேண்டாமா? ஏன்? ஓ... தையல் எல்லாம் சரியாயிட்டு, இனி இதுக்கு மேல பார்வை கூடாதுன்னுட்டாங்களா. வருசத்துக்கு ஒரு தடவ உள்ளூர்லயே காட்டினாப் போதுமா. வண்டி... அதையும் கேட்டியா? இனி ஓட்டக்கூடாதுன்னுட்டாங்களா. சரி. சரிய்யா. நீயே கேட்டுட்டியா.

இவங்களா? இவங்க மாமியாருக்குப் புரை. சும்மா பேசிட்டு இருந்தோம்.

இல்ல, சும்மா இல்ல. பேச்சி, நீ கொஞ்சம் இப்படி உக்காரு. பஸ்ஸு போனாப் போகட்டும். அடுத்த பஸ்ல போவோம். நீங்க எந்திரிக்காதீங்கம்மா, நீங்க இருங்க. நீங்க இருந்தாத்தான் எனக்கு வரும்.

ஏய்யா, என்னயப் பாக்க வேண்டாம், அங்க பாத்துக்கிட்டே கேளு. எண்ணெய் விட்டது நான்தான. மூணு தடவையும் நான்தான விட்டேன். நேத்துதான் பட்டுதுன்னு சொன்னதும் நான். கம்ப விட்டதும் நான். உன் பேர ஏன்யா போட்ட?

இல்ல, நீ கைய எடு. துடைக்க வேண்டாம். நான் சொல்லி முடிச்சிருதேன். வீட்டுக்குப் போய் உலகுகிட்டயும் மாரிக்கனிகிட்டயும் நானே சொல்லணும், நீ குறுக்க பேசக்கூடாது.

என்னது?

தெரியுமா? எனக்குத் தெரியும்னு உனக்குத் தெரியுமா? எப்ப இருந்துய்யா? சீட்ட வாசிச்ச அன்னைக்கே மாரிக்கனி உன்கிட்ட கேட்டுட்டாளா?

அப்ப ஏழு மாசமும் நான் சொல்லுதனான்னு பாத்துட்டா இருந்த?